இரண்டு கம்ப்யூட்டரை வைத்து பிளெண்டர் ரெண்டரை வேகப்படுத்துவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மெயின் மெஷினில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு இருக்கிறது. பிளெண்டர் என்ற 3டி நிரலின் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் ஒரு ஃபிரேமுக்கு 3 நிமிடம் ஆகிறது. 250 ஃபிரேம் அனிமேஷனை ராத்திரி ஓடவிட்டால் விடிந்தும் முடிவதில்லை. 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் அதே ஃபிரேம் 7 நிமிடம் எடுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகுமா, எப்படிச் சேர்ப்பது?

இரட்டிப்பாகாது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மெயின் மெஷின் தனியாக ஓடினால் 250 ஃபிரேமுக்கு 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். இரண்டும் சேர்ந்து ஓடினால் 21 நிமிடத்தில் மெயின் மெஷின் 7 ஃபிரேமும் பழையது 3 ஃபிரேமும் முடிக்கும். ஆக 10 ஃபிரேம். 250 ஃபிரேமுக்கு 525 நிமிடம், எட்டே முக்கால் மணி நேரம். 30 சதவீதம் மிச்சம். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் காலை ஏழு மணிக்குள் முடிந்திருக்கும் என்பதால், உங்கள் விஷயத்தில் இந்த 30 சதவீதமே பெரிய வித்தியாசம்தான். இரண்டாவது மெஷின் முதலாவதைவிட ஆறேழு மடங்கு மெதுவாக இருந்தால் மிச்சம் 12 முதல் 15 சதவீதம்தான் வரும். அதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்று யோசிக்கலாம்.

நெட்வொர்க்கில் இறங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். பழைய மெஷினில் உள்ள கார்டைக் கழற்றி மெயின் மெஷினிலேயே இரண்டாவது கார்டாகப் போட முடியுமா? சைக்கிள்ஸுக்கு இரண்டு கார்டையும் இணைக்கும் எஸ்எல்ஐ எதுவும் வேண்டாம். இரண்டு கார்டும் வேறு வேறு மாடலாக இருந்தாலும் ஒரே ஃபிரேமில் சேர்ந்து வேலை செய்யும். மதர்போர்டில் இன்னொரு நீள ஸ்லாட், கேபினெட்டில் காற்றோட்டம், இரண்டு கார்டையும் தாங்கும் பவர் சப்ளை, இந்த மூன்றும் இருந்தால் கீழே சொல்லப்போகும் தலைவலிகளில் பாதி வராது. ஆனால் இரண்டின் மெமரியும் ஒன்றாகச் சேராது. 12-ம் 6-ம் சேர்ந்து 18 ஜிபி ஆகாது. ஒவ்வொரு கார்டும் முழு சீனையும் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தனித்தனி மெஷினாக ஓட்டினாலும் இதே கதிதான். கனமான சீனில் முதலில் முட்டுவது 6 ஜிபி கார்டுதான். எண்ணிப் பாருங்கள்: 8-பிட் 8கே டெக்ஸ்சர் ஒன்று கார்டின் மெமரியில் 268 எம்பி பிடிக்கும், டிஸ்க்கில் அது 10 எம்பி ஜேபெக்காக இருந்தாலும் சரி. இருபது டெக்ஸ்சர் வைத்தால் 5 ஜிபி தாண்டிவிடும். 4கே ஆகக் குறைத்தால் ஒவ்வொன்றும் 67 எம்பி. சிம்ப்ளிஃபை பகுதியில் உள்ள டெக்ஸ்சர் லிமிட் இதைச் செய்யும். ஆனால் அதை பழைய மெஷினில் மட்டும் வைக்கக் கூடாது, இரண்டிலும் ஒரே அளவாக வையுங்கள். இல்லையென்றால் ஃபிரேமுக்கு ஃபிரேம் கூர்மை மாறி ஓடும்போது மினுங்கும்.

இன்னொரு முன்சோதனை. பழைய மெஷின் ரொம்பப் பழையது என்றால் பிராசசரைப் பாருங்கள். 2024-ல் வந்த பிளெண்டர் 4.2 முதல் எஸ்எஸ்இ 4.2 வசதி இல்லாத பிராசசரில் பிளெண்டர் ஓடாது. கோர் 2 டுவோ, கோர் 2 குவாட், ஏஎம்டி ஃபெனம் 2 எல்லாம் இதில் அடிபடும்.

இனி முக்கிய விஷயம். இரண்டே மெஷினுக்கு, வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரெண்டர் மேனேஜர் நிரல் எதுவும் தேவையில்லை. பிளெண்டரிலேயே இருக்கும் இரண்டு டிக் பாக்ஸும் ஒரு ஷேர் ஃபோல்டரும் போதும். அவுட்புட் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஓவர்ரைட்’ டிக்கை எடுத்துவிடுங்கள், ‘பிளேஸ்ஹோல்டர்ஸ்’ டிக்கைப் போடுங்கள். அவுட்புட் பாதையை இரண்டு மெஷினும் எழுதக்கூடிய ஒரே ஃபோல்டராக வையுங்கள். பிறகு இரண்டிலும் அதே கோப்பைத் திறந்து அனிமேஷன் ரெண்டர் கொடுங்கள். ஒரு மெஷின் ஒரு ஃபிரேமைத் தொடங்கும்போதே அந்த எண்ணில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கி இடம் பிடித்துவிடும். மற்ற மெஷின் அந்தப் பெயரில் கோப்பு இருப்பதைப் பார்த்து அடுத்த எண்ணுக்குப் போய்விடும். வேகமான மெஷின் அதிகம் எடுக்கும், மெதுவானது குறைவாக எடுக்கும். பங்கு தானாகவே சரியாகும். மெயினுக்கு 1 முதல் 175, பழையதுக்கு மீதி என்று கையால் பிரித்துக் கொடுக்கலாம்தான். ஆனால் பல அனிமேஷனில் கடைசி ஷாட் முதல் ஷாட்டைவிடக் கனமாக இருக்கும். அப்போது ஒன்று முடித்துவிட்டுச் சும்மா நிற்க, மற்றது காலை வரை இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்த முறை படங்களுக்கு மட்டும்தான். அவுட்புட்டை எம்பி4 போன்ற வீடியோவாக வைத்தால் இரண்டு மெஷினும் ஒரே கோப்பில் எழுத முடியாது. பிஎன்ஜி அல்லது ஓபன்ஈஎக்ஸ்ஆர் வரிசையாக எடுத்து, எல்லாம் முடிந்தபின் வீடியோ சீக்வென்சரில் சேர்த்து வீடியோ ஆக்குங்கள். கரண்ட் போனாலும் அதுவரை முடிந்த ஃபிரேம்கள் கையில் இருக்கும் என்பதால் ஒரே மெஷினில் ரெண்டர் செய்பவர்களும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

ஷேர் ஃபோல்டர் வைப்பதில் சில நுணுக்கங்கள். கேபிள் போடுங்கள், வைஃபை வேண்டாம். வேகத்துக்காக அல்ல, 3 நிமிடத்துக்கு ஒரு முறை சில எம்பி எழுத வைஃபையே தாராளம். பிரச்சினை என்னவென்றால் நடுராத்திரியில் வைஃபை ஒரு முறை அறுந்தால், படத்தைச் சேமிக்க முடியவில்லை என்று பிளெண்டர் ரெண்டரையே நிறுத்திவிடும். காலையில் வந்து பார்த்தால் பழைய மெஷின் நான்கு ஃபிரேமோடு உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ரவுட்டரில் அல்லது 5 போர்ட் கிகாபிட் சுவிட்சில் கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளால் இணையுங்கள். இணைத்தபின் விண்டோஸ் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் ரவுட்டர் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் ஆக இருக்கலாம், அல்லது கேபிளில் ஒரு ஜோடி ஒயர் அறுந்திருக்கலாம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் கேபிள் பழுதானாலும் இணைப்பு இருப்பதுபோலவே தெரியும். 4கே அளவில் ஹாஃப் ஃபுளோட் (16-பிட்) ஈஎக்ஸ்ஆர் எடுப்பவர்களுக்கு இது உறைக்கும்: சுருக்காத ஒரு லேயர் 66 எம்பி. கிகாபிட்டில் ஒரு வினாடிக்குள் போகும், 100-ல் ஐந்து வினாடிக்கு மேல் ஆகும். கூடுதல் லேயர்களாகச் சேமிக்கும் பாஸ்களைக் கூட்டக் கூட்ட அதுவும் பெருகும்.

ஃபோல்டரை மெயின் மெஷினில் வைத்து ஷேர் செய்யுங்கள். நெட்வொர்க் ப்ரொஃபைல் ‘பிரைவேட்’ ஆக இருக்க வேண்டும். ‘பப்ளிக்’ என்றால் ஃபயர்வால் தடுத்துவிடும். விண்டோஸில் பின் நம்பர் வைத்து உள்ளே நுழைபவர்கள் இங்கே நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்: பழைய மெஷின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்கும், பின் நம்பரைப் போட்டால் ஏற்காது. பின் நம்பர் அந்த மெஷினுக்கு மட்டும்தான். மெயின் மெஷினில் ரெண்டருக்கென்றே பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி, ஷேரிங் டேபிலும் செக்யூரிட்டி டேபிலும் அவருக்கு எழுதும் அனுமதி கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பிறகு அந்த ஷேரை இரண்டு மெஷினிலும் ஒரே டிரைவ் எழுத்தில், உதாரணமாக ஆர் டிரைவாக, மேப் செய்யுங்கள். ஃபோல்டர் மெயின் மெஷினுக்குள்ளேயே இருந்தாலும் அங்கேயும் ஆர் டிரைவாக மேப் செய்ய வேண்டும். அப்போதுதான் ஒரே பாதை இரண்டிலும் செல்லும்.

பிளெண்ட் கோப்பு, டெக்ஸ்சர், பேக் (bake) செய்த கேச், அதாவது முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்த சிமுலேஷன், எல்லாமே அந்த ஆர் டிரைவுக்குள் ஒரே ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கட்டும். ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டாவுக்குப் போய் எல்லாப் பாதைகளையும் ரிலேட்டிவ் ஆக்குங்கள். பேக் ரிசோர்சஸ் (Pack Resources) கொடுத்தால் டெக்ஸ்சரும் ஃபாண்டும் கோப்புக்குள் போய்விடும்; ஆனால் வேறு பிளெண்ட் கோப்பிலிருந்து லிங்க் செய்தவை அப்படிப் போகாது, அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. பழைய மெஷினில் திறந்ததும் எங்காவது பளீரென்று பிங்க் நிறம் தெரிந்தால் அந்த டெக்ஸ்சர் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ரெண்டருக்கு அனுப்புவதற்கு ‘சேவ் காப்பி’ மூலம் தனிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யும் கோப்பையே ரெண்டருக்கும் வைத்தால், நடுவில் பழைய மெஷினை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது அது மாற்றப்பட்ட சீனை எடுத்துக்கொள்ளும்.

பழைய மெஷினில் பிளெண்டரின் ஜன்னலைத் திறக்காமலே ரெண்டர் ஓட்டுவது நல்லது. கார்டு மெமரியில் கொஞ்சம் மிச்சமாகும். கட்டளை வரிசை இப்படி: பிளெண்டர் நிரலின் பெயர், பிறகு ஹைஃபனும் சின்ன எழுத்து பி-யும் (b), பிறகு கோப்பின் பாதை, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹைஃபனும் சின்ன எழுத்து ஏ-வும். வரிசை முக்கியம். பிளெண்டர் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும். ஆரம்ப ஃபிரேமுக்கான எஸ், கடைசி ஃபிரேமுக்கான ஈ போன்றவற்றை ஏ-வுக்குப் பின்னால் எழுதினால், ரெண்டர் முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் அவற்றைப் படிக்கும். டிரைவர்களில் (ஒரு மதிப்பை வைத்து இன்னொன்றை அசைக்கும் பிளெண்டர் வசதி) பைத்தான் எழுதிய ரிக், அதாவது கதாபாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூடு, இருந்தால் ஹைஃபனும் சின்ன எழுத்து ஒய்-யும் கோப்பின் பெயருக்கு முன்னால் சேருங்கள். புதிதாக நிறுவிய பிளெண்டரில் பைத்தான் ஸ்கிரிப்ட் தானாக ஓடும் அனுமதி அணைந்திருக்கும். மெயின் மெஷினில் கதாபாத்திரம் ஒழுங்காக நடக்க, பழையதில் எடுத்த ஃபிரேமில் மட்டும் கை முறுக்கிக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணம்.

கார்டு தேர்வு கோப்பில் இருப்பதில்லை, அந்தந்த மெஷினின் ப்ரிஃபரன்சஸில் இருக்கிறது. கோப்பில் ஜிபியு கம்ப்யூட் என்று இருந்தாலும், பழைய மெஷினின் ப்ரிஃபரன்சஸ், சிஸ்டம் பகுதியில் நிவிடியா கார்டுக்கான ஆப்டிக்ஸ் தேர்ந்து கார்டுக்கு டிக் போட்டுச் சேமிக்காவிட்டால், அது சத்தமில்லாமல் சிபியுவில் ஓடும். பிளெண்டரை ஒரு முறை சாதாரணமாகத் திறந்து இதைச் செய்துவிடுங்கள். 7 நிமிடம் ஆக வேண்டிய ஃபிரேம் 40 நிமிடம் ஓடினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 5 சதவீதம் என்று காட்டுவதை நம்பிவிடாதீர்கள். அது 3டி கிராஃப், சைக்கிள்ஸின் வேலை பெரும்பாலும் அதில் தெரியாது. நிவிடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டினால் உண்மை நிலவரமும் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும்.

இப்போது தரம் கெடும் இடங்களுக்கு வருகிறேன். ரெண்டர் ஓடாமல் நின்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஓடி முடித்து, மாறி மாறி இரண்டு விதமான ஃபிரேம் வந்தால்தான் நேரமெல்லாம் வீண். ஒரு அறையின் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்: சோபாவுக்கு அடியில் உள்ள நிழல் 41-ம் ஃபிரேமில் வழவழப்பாக இருக்கும், 42-ல் லேசாகத் திட்டுத்திட்டாக இருக்கும், 43-ல் மறுபடி வழவழப்பு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல படம். வினாடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் அந்த இடம் துடிக்கும். இதற்கு முதல் காரணம், ரெண்டரில் வரும் பொடிப் புள்ளிகளை வழித்தெடுக்கும் டினாய்சர். ஒரு மெஷினில் ஆப்டிக்ஸ் டினாய்சர், மற்றதில் ஓபன் இமேஜ் டினாய்ஸ் என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். இரண்டிலும் ஓபன் இமேஜ் டினாய்ஸ் வையுங்கள். அதைவிட நல்ல வழி, ரெண்டரில் டினாய்ஸை அணைத்துவிட்டு, டினாய்சிங் டேட்டா பாஸோடு மல்டிலேயர் ஈஎக்ஸ்ஆர் எடுத்து, எல்லா ஃபிரேமையும் பிறகு மெயின் மெஷினிலேயே, ரெண்டரான படங்களைத் திருத்தும் கம்போசிட்டரின் டினாய்ஸ் நோடில் ஓட்டுவது. பிளெண்டர் பதிப்பு கடைசி எண் வரை ஒன்றாக இருக்க வேண்டும், 4.2.1-ம் 4.2.5-ம் ஒன்றல்ல. ஆட்ஆன்களும் அப்படித்தான். படத்தின் கலரைத் திரைக்கு மாற்றித் தரும் ஏஜிஎக்ஸ் என்ற வியூ டிரான்ஸ்ஃபார்ம் வந்தது 4.0-ல், ஒன்றில் 3.6-ம் மற்றதில் 4.2-ம் வைத்திருந்தால் கலரே மாறிவிடும்.

இரண்டாவது காரணம் சிமுலேஷன். துணி, திரவம், பார்ட்டிக்கிள், ஜியோமெட்ரி நோட்ஸின் சிமுலேஷன் ஸோன், எல்லாமே முந்தைய ஃபிரேமின் நிலையை வைத்துத்தான் அடுத்ததைக் கணக்கிடும். இந்த முறையில் எந்த மெஷினும் எண்களை முழுக்கத் தொடர்ச்சியாக எடுப்பதில்லை. 12-ஐ முடித்துவிட்டு 15-க்குத் தாவும். டிஸ்க்கில் பேக் செய்த கேச் இல்லையென்றால் திரைச்சீலை ஒவ்வொரு மெஷினிலும் ஒரு விதமாக விழும். மெயின் மெஷினில் முழுவதும் பேக் செய்து, கேச் ஃபோல்டர் ஆர் டிரைவில் பிளெண்ட் கோப்பின் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ரெண்டர் முடியும் வரை அந்தக் கேச்சைத் தொடாதீர்கள். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் டிஸ்க்கிலிருந்து படிக்கப்படுகிறது.

அதனால் முழு ரெண்டருக்கு முன் 1, 125, 250 ஆகிய மூன்று ஃபிரேமையும் இரண்டு மெஷினிலும் தனித்தனியாக எடுத்து, கம்போசிட்டரில் மிக்ஸ் நோடை டிஃபரன்ஸில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தம் அரை மணி நேர வேலை. படம் கிட்டத்தட்ட முழுக் கருப்பாக வர வேண்டும். பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் கவலையில்லை. ஒரு பொருள் முழுவதும் அதன் வடிவில் வெளிச்சமாகத் தெரிந்தால் டெக்ஸ்சர் அல்லது மெட்டீரியல் கோளாறு. விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தால் பொருள் நகர்ந்திருக்கிறது. சிமுலேஷனையோ டிரைவரையோ பாருங்கள். படம் முழுக்க ஒரே சீராக மங்கலான வெளிச்சம் என்றால் கலர் மேனேஜ்மெண்ட்.

பிளேஸ்ஹோல்டர் முறைக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒரு மெஷின் நடுவில் கிராஷ் ஆனால் அது பிடித்து வைத்த காலிக் கோப்பு அப்படியே இருக்கும். கோப்பு இருக்கிறதே என்று மற்ற மெஷின் தாண்டிப் போய்விடும். முடிந்ததும் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கி, 0 கேபி கோப்புகளை அழித்துவிட்டு, மறுபடி ஒரு முறை ரெண்டர் கொடுங்கள். விட்டுப்போனவை மட்டும் எடுக்கப்படும். இரண்டாவது ஆபத்து இன்னும் மோசம். நேற்றைய டெஸ்ட் ரெண்டரின் ஃபிரேம்கள் அதே ஃபோல்டரில் கிடந்தால் ஓவர்ரைட் அணைந்திருப்பதால் அவை அப்படியே விடப்படும். கிளையண்டுக்கு அனுப்பிய வீடியோவில் நடுவில் பத்து ஃபிரேம் மட்டும் பழைய சுவர் நிறத்தோடு வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் புது ஃபோல்டர். இதில் விதிவிலக்கே வேண்டாம். ஃபிரேம் சில வினாடியிலேயே முடியும் ஈவி (பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் எஞ்சின்) வேலைகளில் விண்டோஸ் நெட்வொர்க் ஃபோல்டரின் பட்டியலைச் சில வினாடி நினைவில் வைத்திருப்பதால் இரண்டும் ஒரே ஃபிரேமை எடுக்கக்கூடும். அங்கே மட்டும் எண்களைக் கையால் பிரித்துக் கொடுங்கள்.

ஒரே ஒரு ஸ்டில் படம் என்றால் வழி வேறு. சைக்கிள்ஸில் ஒரு படத்தை நெட்வொர்க்கில் பிரித்து ரெண்டர் செய்யும் வசதி கிடையாது. ரெண்டர் ரீஜனால் இடது பாதி ஒன்றில், வலது பாதி மற்றதில் எடுப்பார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை: டினாய்ஸ் செய்தபின் நடுவில் கோடு தெரியும், எந்தப் பாதி கனமானது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாம்பிளை, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை, பிரிப்பதே மேல். 1000 சாம்பிள் வேண்டுமென்றால் மெயினில் 700, பழையதில் 300; உங்கள் 3-க்கு 7 கணக்குக்கு இது அப்படியே பொருந்தும், இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும். புள்ளிகள் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் (seed) எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும், ஒன்றில் 0, மற்றதில் 1. ஒரே சீட் என்றால் அதே புள்ளிகள் அதே இடத்தில் வரும், சேர்த்து ஒரு பயனும் இல்லை. சாம்பிள் எடுப்பதை முன்னதாகவே நிறுத்தும் நாய்ஸ் த்ரெஷோல்டையும் டினாய்ஸையும் அணைத்துவிட்டு 32-பிட் ஈஎக்ஸ்ஆராக எடுங்கள். கம்போசிட்டரில் மிக்ஸ் நோடின் மேல் பக்கம் 700 சாம்பிள் படம், கீழே 300 சாம்பிள் படம், ஃபேக்டர் 0.3. அதன் பிறகு டினாய்ஸ் நோடு. பிஎன்ஜியில் இதைச் செய்யாதீர்கள். வியூ டிரான்ஸ்ஃபார்ம் ஏறிய, பிரகாசம் வெட்டப்பட்ட எண்களின் சராசரி சரியாக வராது.

3டிஎஸ் மேக்ஸில் வி-ரே அல்லது கொரோனா ரெண்டர் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டில் படத்தையே நெட்வொர்க்கில் பகிரும் வசதி உள்ளேயே இருக்கிறது. சினிமா 4டியில் டீம் ரெண்டர். அங்கே இரண்டாவது மெஷினுக்கான ரெண்டர் நோட் லைசென்ஸ் உங்கள் சந்தாவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெக்ஸ்சர் பாதை, ஒரே பதிப்பு, ஃபயர்வால், இந்த மூன்றும் அங்கேயும் இதே மாதிரிதான் படுத்தும்.

மூன்றாவது மெஷின் சேரும் நாளில், அல்லது தினமும் ஐந்தாறு ஷாட் வரிசையில் நிற்கும் நிலை வந்தால், ஃபிளமெங்கோ என்ற ரெண்டர் மேனேஜருக்கு மாறிவிடுங்கள். பிளெண்டர் ஸ்டூடியோவே உருவாக்கி இலவசமாகத் தருவது. மூன்றாம் பதிப்பு 2022-ல் வந்தது. மேனேஜர் நிரல் ஒரு மெஷினில், வொர்க்கர் நிரல் ஒவ்வொன்றிலும். பிரவுசரிலேயே எல்லாம் தெரியும், தோற்றுப்போன ஃபிரேமைத் தானே மறுபடி கொடுக்கும், வொர்க்கர் எந்த நேரத்தில் வேலை செய்யக் கூடாது என்று அட்டவணையும் போடலாம். பழைய டுடோரியல்களில் வரும் நெட்வொர்க் ரெண்டர் ஆட்ஆனைத் தேடாதீர்கள், அது 2.7 வரிசையோடு போனது, 2019-ல் வந்த 2.80-ல் கிடையாது.

ராத்திரி விட்டுவிட்டுப் போவதற்கு முன் இரண்டு மெஷினிலும் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள், விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள். இரண்டையும் ஒரே 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அந்த அளவில் வருபவை பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். ரெண்டரில் இருக்கும் இரண்டு மெஷினும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரண்ட் போன அந்த நொடியே யுபிஎஸ்ஸும் அணைந்துவிடும். யுபிஎஸ் ஒன்றுதான் இருக்கிறதென்றால் ஷேர் ஃபோல்டர் உள்ள மெயின் மெஷினையும் சுவிட்சையும் அதில் மாட்டுங்கள். பழையது அணைந்தால் போவது ஒரு ஃபிரேம்தான். மெயின் அணைந்தால் இரண்டு மெஷினின் வேலையும் நிற்கும்.